பின்பக்கம் இல்லாத தாடை

சென்ற மாதம் எங்கள் கல்லூரி விலங்கியல் துறையிலிருந்து இரண்டு பிள்ளைகள் என்னைத் தேடி என் ஊர் வாடிப்பட்டிக்கு வந்தார்கள். நான் இப்போது இங்கே ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, ஒருத்தி தன் கைப்பேசியை நீட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு கீழ்த்தாடை மெதுவாகச் சுழன்றது. அரிசிமணியைவிடச் சிறிய எலும்பு. திரையில் அது யானைத் தந்தம் போலப் பெரிதாக, தூக்கத்தில் திரும்பிப் படுப்பது போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

இப்போது கல்லையும் எலும்பையும் தொடாமலே ஸ்கேன் எடுத்து உள்ளும் புறமும் பார்த்துவிடுகிறார்கள். அலமாரியில் இருந்த பழைய எலும்புகளை எல்லாம் அப்படி எடுத்துக்கொண்டு வரும்போது இதுவும் வந்திருக்கிறது.

"அக்கா, எல்லாம் தெளிவா இருக்கு. பின்பக்கத்த மட்டும் யாரோ ஒடச்சுட்டாக. யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கிளம்பும்போது, துறை மலரில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு இதை எழுதித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் அந்தப் பக்கத்தில் எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றது உண்மை. அதற்குக் காரணம் அந்தப் பின்பக்கம் என்பதும் உண்மை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். கத்தரியும் வெண்டையும் போட்டு, பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். நான் முதுகலை முடித்ததும் துறையில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் வேலை. ஊரில் சொன்னபோது யாருக்கும் புரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் புரிந்தது, புரிந்ததால்தான் வருத்தப்பட்டார்.

"பல்லி எலும்பு பொறுக்கவா தாயி இம்புட்டுப் படிச்ச?"

"இது நம்ம வீட்டுப் பல்லி இல்லப்பா. மனுசன் பிறக்கிறதுக்கு முன்னாடி இருந்த பல்லி."

"அப்ப அது செத்து ரொம்ப நாளாச்சு. இனிமே அதுக்கு என்ன அவசரம்?" என்றார்.

உண்மையில் அந்த வேலையில் அவசரம் என்பதே கிடையாது. கோதாவரிப் பக்கத்திலிருந்து சாக்குப் பையில் சுண்ணாம்புக்கல் வரும். பதினாறு, பதினேழு கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு ஏரியின் அடியில் படிந்த சேறு அது. டைனோசர்கள் அந்தக் கரையில் நடந்திருக்கும். அவற்றின் கால்களுக்கு இடையே, பூச்சி தேடி, பல்லிகளின் மூதாதைகள் ஓடியிருக்கும். பெரிய எலும்பைத் தேட ஆள் நிறைய. எங்கள் ஆய்வகம் தேடியது அந்தச் சிறிய ஓட்டங்களை.

கல்லை வலைத்துணியில் கட்டி, நீர்த்த அசிட்டிக் அமிலத் தொட்டியில் தொங்கவிடுவோம். அமிலம் சுண்ணாம்பைத் தின்னும், எலும்பை விட்டுவிடும். நாள் முழுக்க மெல்லிய நுரைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், தூரத்தில் தூறல் விழுவது போல. தொட்டியும் சல்லடையும் வாங்க முதல்முறை சிம்மக்கல் மொத்தக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் எழுதிக்கொண்டே கேட்டார், இவ்வளவையும் வைத்து ஊறுகாய்க் கம்பெனியா நடத்துகிறீர்கள் என்று. நான் பெருமையோடு, பல்லி எலும்பு தேடுகிறோம் என்றேன். அவர் நிமிர்ந்து, கடைச் சுவரில் டியூப்லைட் ஓரம் ஒட்டியிருந்த நாலைந்தைக் காட்டி, "சல்லடை வாங்கினா இதுகள ஓசியிலயே தாரேன், புடிச்சுக்கிட்டுப் போங்க" என்றார்.

ஒரு கைப்பிடிக் கல் கரைய வாரக்கணக்காகும். மிஞ்சுவது ஒரு கரண்டி கறுப்பு மணல். அதை நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, காயவைத்து, சிட்டிகை சிட்டிகையாக நுண்ணோக்கியின் கீழ் பரப்ப வேண்டும். மயிரளவு நுனி உள்ள தூரிகையை ஈரமாக்கி, வேண்டிய துகளைத் தொட்டு எடுக்க வேண்டும். மின்விசிறி போடக்கூடாது. சித்திரை வெயிலிலும் போடக்கூடாது. மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் முதலில் பின்னால் சாய்ந்து, பிறகு தும்ம வேண்டும். ஒருமுறை யாரோ சொன்ன நகைச்சுவைக்கு ஒரு மாணவன் சிரித்து ஒரு பல் பறந்துபோனது. அன்று மாலை வரை நாங்கள் முழங்காலிட்டு, ஈரத்துணியால் தரையை ஒற்றி ஒற்றித் தேடினோம். கிடைக்கவில்லை. அத்தனை கோடி ஆண்டு காத்திருந்துவிட்டு ஒரு சிரிப்பில் தொலைந்துபோன பல் அது.

இந்தச் சட்டங்களைப் போட்டவர் டெய்சி மேடம். ஆய்வகத்தின் தலைவர். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றி, ஒரே அளவாகச் சேர்த்து வைப்பார். வாய்க்குள் தேவாலயத்தில் பாடும் ஏதாவது ஒரு ஞானப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். முக்கியமான துகள் கண்ணில் பட்டால் பாட்டு பாதியில் நிற்கும். பாட்டு நின்றால் நாங்களும் மூச்சை நிறுத்துவோம். தட்டில் கிடப்பதற்குப் பெயர் வைக்க மட்டும் விடமாட்டார். "பல்லின்னு சொல்லாத. எலும்புன்னு சொல்லு. எலும்புன்னு தெரியலையா, துகள்னு சொல்லு" என்பார். திட்டுவதும் அதே குரலில்தான், பாராட்டுவதும் அதே குரலில்தான். எது எது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆனது.

மணிக்கணக்காக நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தால் ஒரு மயக்கம் வரும். தூக்கம் என்று சொல்ல முடியாது. மணல் மணலாகத் தெரியாது. மலையும் பள்ளமுமாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே நான் நடந்துபோவேன். மாலையில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பரவை தாண்டி வரும் வயல்களும் அப்படியே தெரியும். தண்ணீர் தேங்கிய நடவு வயலில் வெயில் சாய்ந்து கிடக்கும்போது அது அந்தப் பழைய ஏரியாகிவிடும். கரைமேட்டில் ஒரு ஓணான் தலையை ஆட்டும். யாரைப் பார்த்து ஆட்டுகிறது, எத்தனை காலமாக ஆட்டுகிறது என்று நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஓணானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பல்லி, அரணை, உடும்பு இவற்றுக்கெல்லாம் பல், தாடையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டியது போல. ஓணானுக்கும் பச்சோந்திக்கும் வேறு. தாடையின் உச்சியிலேயே பல் பதிந்து எலும்போடு எலும்பாகியிருக்கும், மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லு மாதிரி. ஆக, பழைய கல்லில் மதில்சில்லுப் பல் கிடைத்தால் அது ஓணான் வம்சத்தின் முன்னோராக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் பல்லி வம்சத்துக்கு ஒரு பங்காளி வம்சம் உண்டு. ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. இன்று நியூசிலாந்துத் தீவுகளில் ஒரே ஒரு வகை மட்டும் மிச்சம். பார்த்தால் பல்லி என்றே சொல்வோம். பல்லி இல்லை. அதற்கும் மதில்சில்லுப் பல்தான். பல்லைப் பார்த்துப் பங்காளியையும் பல்லியையும் எளிதில் பிரிக்க முடியாது. தாடையின் பின்நுனியைப் பார்க்க வேண்டும். பங்காளிக்கு அது நீண்டு பின்னால் ஓடும். பல்லிக்குக் குட்டையாக முடிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய எலும்புகளும் வேண்டும். அதற்கு மொட்டைமாடியில் மண்சட்டிகள் வைத்திருந்தோம். செத்துக் கிடந்த ஓணான், அரணையைச் சட்டியில் போட்டு வலை கட்டிவிட்டால், எறும்புகள் சதையைத் தின்று எலும்பைச் சுத்தமாக்கித் தந்துவிடும். வரப்பில் செத்துக் கிடப்பதை அப்பாவே கொண்டுவர ஆரம்பித்தார். மஞ்சள் பையில் மேலே கத்தரிக்காய், அடியில் தாளில் சுற்றிய ஓணான். பரவையில் பேருந்து மாறும்போது ஒரு அம்மா பையைத் தொட்டுவிட்டு அலறியதாகச் சொல்லிச் சிரித்தார். "என் மக ஆபீசுக்குன்னு சொன்னேன். அந்தம்மா எறங்கிப் போயிருச்சு."

அந்தத் தாடை கிடைத்தது ஒரு காலை நேரத்தில். கறுப்பு மணலுக்குள் ஒரு கோடு நேராக இருந்தது. மணலில் எதுவும் நேராக இருக்காது. தூரிகையால் தொட்டுத் திருப்பினேன். வரிசையாகப் பற்கள், முக்கோண முக்கோணமாக, மதில்மேல். பின்பக்கம் மெலிந்து, குட்டையாக முடிந்தது போல இருந்தது. நான் நாற்காலியை நகர்த்தினேன். மேடம் வந்து உட்கார்ந்தார். பாட்டு நின்றது. வெகுநேரம் கழித்து, "எலும்பு" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "தாடை." அவ்வளவுதான். ஆனால் அன்று செருப்பை மறந்து வெறுங்காலோடு காப்பி குடிக்கப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை, திட்டத்துக்குப் பணம் தருபவர்களின் குழு ஒன்று வருவதாக இருந்தது. ஆய்வகத்தைத் தொடர்வதா, மூடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். என் வேலையும் அதோடுதான். ஓணான் வம்சத்தின் பழைய முன்னோர் ஒன்று மதுரையில் ஒரு தட்டில் கிடைத்தது என்று மேடம் எழுந்து சொன்னால் போதும், மறுக்க மாட்டார்கள். நான் வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள், பல்லிக்காக ஒருத்தி நேர்ந்துகொண்டது அதுவே முதல்முறையாக இருக்கும்.

வியாழக்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் விடுப்பில் இருந்த மழை வாரத்தில் ஆய்வகக் கூரை ஒழுகியதால், மணல் தட்டுகளை அவரே மாடிக்குத் தூக்கிப்போய், வெயில் வந்த நேரம் பார்த்துக் காயவைத்தாராம். எங்கே வைத்தார் என்று சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. எறும்புச் சட்டிகளுக்குப் பக்கத்தில். ஒரு சட்டியில் வலை கிழிந்திருந்ததை நேற்றுத்தான் பார்த்தாராம். எறும்பு தன்னைவிடப் பெரியதைத் தூக்கும். ஓணான் குஞ்சின் தாடையைச் சட்டியிலிருந்து தட்டுக்குக் கொண்டுபோவது அதற்கு ஒரு சுமையே இல்லை.

நிறத்தைப் பாருங்கள், கறுப்பாக இருக்கிறதே என்றேன். அந்தக் கறுப்பு மணலின் ஈரத்தில் சில நாள் கிடந்தால் எதுவும் கறுக்கும் என்றார். எலும்பு பழையதா என்று சோதிக்கப் பல்கலைக்கழகத்தில் கருவி இருக்கிறதே என்றேன். முறை வர மாதங்கள் ஆகும் என்றார்.

"மேடம், நீங்க தட்டு காயவச்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஆமா. நாளைக்கு ஒருத்தன் எந்திரிச்சு, இது வாடிப்பட்டி ஓணான், செல்வியோட அப்பா மஞ்சப் பையில கொண்டுவந்ததுன்னு சொல்றான். நீ என்ன சொல்வ?"

"அடிச்சுச் சொல்வேன், இல்லன்னு."

"எதை வச்சு?"



ஒரு வழி இருந்தது. எலும்பில் ஒரு சில்லை எடுத்து நெருப்பில் காட்ட வேண்டும். இன்றைய எலும்பென்றால் உள்ளே புரதம் இருக்கும். முடி கருகும் வாடை வரும். கல்லாகிவிட்ட எலும்பில் எரிய ஒன்றுமில்லை; வாடை வராது. தாடை ஏற்கெனவே கறுப்பு, ஆகவே கருகுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூக்குதான் சாட்சி. சில்லை எங்கிருந்து எடுப்பது? முன்னால் தொட்டால் பல் போகும். நடுவில் தொட்டால் தாடையே இரண்டாகும். பின்நுனி ஒன்றுதான் வழி. பல்லியா பங்காளியா என்று சொல்லும் அதே நுனி. அதில் கடுகில் பாதி எடுத்தால் மீதியில் உருவம் தெரியும் என்று கணக்குப் போட்டோம். எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் அந்த நுனி இயல்பாக முடிகிறதா, உடைந்து முடிகிறதா என்பது தெளிவாக விழவில்லை. நேரில் பார்ப்பவருக்காக அதை விட்டுவைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல்களை மூடிவிட்டு, ஊசியின் விளிம்பால் அழுத்தினேன். மேடம் பாடவில்லை. சில்லு பெயர்ந்தது. முதலில் மூக்குக்குப் பழக்கமாக, சட்டி ஓணானின் எலும்புத்தூள் ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். முடி கருகும் வாடை அறை முழுக்க. ஜன்னலைத் திறந்து, முகம் கழுவி, காற்று மாறும்வரை நின்றோம். பிறகு அந்தச் சில்லு. ஊசி முனையில் அது சிவந்தது. நான் முகர்ந்தேன்.

ஒன்றுமில்லை. சூடான இரும்பின் வாடை மட்டும். தலைக்கு மேலே கூரை திறந்துகொண்டது போல இருந்தது. ஏரி, கரை, அந்தக் கரையில் தலையாட்டும் ஒன்று, அதன் எலும்பில் இனி எரிவதற்கு எதுவுமே இல்லை.

"என்ன?" என்றார் மேடம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனை தெரியாது. காப்பியைக்கூட நிறம் பார்த்துத்தான் குடிப்பார். அறையில் இருந்தது என் மூக்கு ஒன்றுதான்.

"வாடை இல்ல மேடம்."

"சரி" என்று அவர் எழுந்துவிட்டார். என் சொல் அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. என் மூக்கு வாடை வரக்கூடாது என்று ஆசைப்பட்ட மூக்கு. அம்மாவின் நேர்த்திக்கடன், அப்பாவின் மஞ்சள் பை, அடுத்த ஆண்டுச் சம்பளம் எல்லாம் அந்த மூக்கில் இருந்தன. வாடை வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்குமா?

இன்னொரு சில்லு எடுக்கலாம் என்றேன். இன்னொன்று எடுத்தால் நுனி போய்விடும் என்றார் மேடம். தெரியும் என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டார்.

ஆய்வக உதவியாளர் அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டோம். எது எது என்று சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லி, ஓணான் துகளையும் இரண்டாம் சில்லையும் இடைவெளிவிட்டுக் காட்டினேன். அவருக்கு இது விளையாட்டாக இருந்தது.

"மொதல்ல காட்டுனது சலூன்ல முடி கருகுன நாத்தம். ரெண்டாவது... ரெண்டாவது காட்டுனீகளா இல்லையா? சுட்ட செங்கல் மாதிரி லேசா. அம்புட்டுத்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"யோசிச்சா நாத்தம் வருமா தாயி?" என்றார்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நான் அழுதேன். அது பழையது. கோதாவரிக் கல்லுக்குள் இருந்தது. யார் எழுந்து கேட்டாலும் இனி எங்களிடம் பதில் உண்டு.

திங்கட்கிழமை குழுவில் ஒருவர், பழைய எலும்பு ஆராய்ச்சியிலேயே மூத்தவர், தாடையை வெகுநேரம் பார்த்தார். பழையதா என்று கேட்டார். மேடம் தட்டு, எறும்பு, இரண்டு சில்லு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். மூத்தவர் ஒப்புக்கொண்டார். பிறகு பல்லியா, பங்காளியா என்று கேட்டார். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இப்போது ஒரு புதிய உடைவு இருந்தது. பல்லிதான் என்று எங்களுக்கு ஓர் எண்ணம். எண்ணத்தை மேடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூத்தவர் என் பக்கம் திரும்பியபோது நானும் சொல்லவில்லை. பெயர் இல்லாத எலும்புக்காக ஆய்வகத்தை நீட்டிக்க அவர்களுக்கு வழி இல்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ஓணான் இல்லேல?" இல்லை என்றேன். "அப்பச் சரி" என்றார். மறுநாள் வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போனார்.

பிள்ளைகளே, உங்கள் ஸ்கேன் எதையும் உடைக்காமல் உள்ளே பார்க்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அன்றைக்கு அது எங்களிடம் இருந்திருந்தால் அந்தத் தாடைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நானும் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன். ஆனால் அன்று இருந்தது ஒரு விளக்கும் இரண்டு மூக்கும்தான். மறுபடி அந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் இரண்டாவது சில்லை எடுப்பேன்.

கடைசி நாள் எலும்புகளை எல்லாம் குழாய்களில் போட்டு மூடினோம். ஒவ்வொன்றுக்கும் மேடம்தான் சீட்டு எழுதுவார். இந்தக் குழாய் வந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டினார். கல் எங்கிருந்து வந்தது, என்ன எலும்பு என்று எழுதினேன். இனம் என்ற இடத்தில் கை நின்றது. பிறகு எழுதினேன். அலமாரியில் போய்ப் பாருங்கள், இன்னும் இருக்கும். எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. நான் எழுதியதில் என்றைக்கும் அழியாமல் காக்கப்படப்போவது அநேகமாக அந்த ஒரு சொல்தான். நல்ல நிதானமான கையெழுத்தில், ஒற்றெழுத்துக்குப் புள்ளிகூட விடாமல் எழுதியிருக்கிறேன்: தெரியவில்லை.